எடை மேடையில் ஓர் அரசாணிக்காய்

என் கடையில் ஒரு மூட்டை உரம்கூட வாங்காமல், உரத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்ட ஆள் இந்தப் பூமியில் அறிவுச்செல்வி ஒருத்திதான். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் பதினெட்டு வருஷமாக உரக்கடை வைத்திருக்கிறேன். குணசீலன் சொன்னால் பயிர் கேட்கும் என்று சுத்துப்பட்டுப் பத்து ஊரில் பேர். மூட்டையைத் தூக்கிப் போடுகிற வேகத்தில் யோசனையும் சொல்வேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. வருகிறவர்கள் யோசனையைக் கேட்டுக்கொண்டு மூட்டையையும் தூக்கிப் போவார்கள். இவள் யோசனையை மட்டும் தூக்கிக்கொண்டு போவாள்.

அவள் புருஷன் ஜீவானந்தமும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் பாதியில் படிப்பை விட்டுவிட்டு ரிக் வண்டியில் ஏறினான். போர்வெல் போடுகிற வண்டி. இருபது வருஷம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டு, இடுப்பு கெட்டுப்போய் ரெண்டு வருஷத்துக்கு முன்னால்தான் திரும்பி வந்தான். அந்த இருபது வருஷமும் காடு உழுது, வெங்காயம் நட்டு, மகளைப் படிக்க வைத்து, மாமியாரைக் கடைசி வரைக்கும் பார்த்தது எல்லாம் இவள் ஒருத்திதான்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வந்தவள் ஈரக் காலோடு வாசலிலேயே நின்று என் மூட்டைகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, எல்லா மூட்டையிலயும் மூணு நம்பரு போட்டிருக்குதே, அது என்னுங்க?"

"முதல் நம்பரு தழைச்சத்து. ரெண்டாவது மணிச்சத்து. மூணாவது சாம்பல் சத்து."

"தழைச்சத்துன்னா தழை ஓடும், அது தெரியுது. மணிச்சத்து?"

"வேரு புடிக்கும். பூ வெக்கும்."

"சாம்பல் சத்து?"

"காய் பெருக்கும். தோலு கட்டியா நிக்கும். வெயிட்டு ஏறும் அம்மிணி."

"அப்ப ஒரே ஒரு காயப் பெருசாக்கோணும்னா, எது முந்தி எது பிந்தி குடுக்கோணுங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கடைக்கு வருகிற அத்தனை பேரும் எது நல்ல உரம் என்றுதான் கேட்பார்கள். எது முந்தி எது பிந்தி என்று கேட்ட முதல் ஆள் இவள். என்ன காய் என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஏழு விதை, ஒவ்வொன்றும் கட்டை விரல் நகத்தைவிடப் பெரிசு. தம்மம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சமையல் கொட்டகையில் முப்பத்தஞ்சு கிலோ அரசாணிக்காயை அறுத்தார்களாம். வெளியூரில் பரங்கி என்பார்களே, அதுதான். பந்தியில் உட்காராமல் இவள் போய்ச் சமையல்காரரிடம் விதை வாங்கி முடிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ஜீவானந்தம் நனைந்துகொண்டே மொபட்டில் வந்து இறங்கினான். பெண்டாட்டி கையில் விதையைப் பார்த்ததும் அவன் மூஞ்சி மாறிப் போச்சு.

"இன்னும் இதத் தூக்கிட்டுத்தான் சுத்தறியா? மாப்ள, நீயாவது சொல்லுடா. கெணத்து மேட்டுல அரை ஏக்கரு சும்மா கெடக்குது. கோழிக் கம்பெனிக்காரன் குஞ்சும் தரான், தீவனமும் தரான். ஷெட்டு மட்டும் நாம போட்டாப் போதும். கறிக்கோழி நாப்பத்தஞ்சு நாள்ல கை மாறிரும். இவ என்னடான்னா மண்ணு மண்ணுங்கறா."

"சும்மா கெடக்குதுன்னு சொல்லாதீங்க," என்றாள் செல்வி. "வெங்காயம் எடுத்துப் பத்து நாள் ஆகல. நீங்க இருவது வருஷம் அங்க இருந்தீங்க. எனக்கு இங்க பேச்சுத் தொணையே அந்த அரை ஏக்கருதான். அதுல கல்லு நட்டுக் கூரை போட்டீங்கன்னா எனக்கு ஊட்டுல இருக்கறதுக்கே மனசு வராது."

"அப்படி என்ன பெரிய மண்ணு?"

"என்ன போட்டாலும் காய்க்கற மண்ணு."

"சரி. அறுவது கிலோவுல ஒரு அரசாணிக்காய் காய்க்க வெச்சுக் காட்டு. நான் ஷெட்டுப் பேச்சையே உட்டுடறேன். ஆனா உன்ற காயி சும்மாத் தராசுல நிக்காது தாயி, லாரிய நிறுக்கற எடை மேடையிலதான் ஏத்திப் போடோணும்!"

மழைக்கு ஒதுங்கியிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"குணசீலன் சாட்சி. பங்குனி ஒண்ணாந் தேதி எடை. அறுவது வரலீன்னா அடுத்த நாளே கம்பெனிக்காரன் வந்து ஷெட்டுக்கு நூல் புடிப்பான். நீ வாயத் தொறக்கப்படாது."

"அறுவது," என்று சொல்லிவிட்டு விதையைத் திரும்ப முடிந்துகொண்டாள். மழை விடுவதற்குள்ளேயே இறங்கி நடந்துவிட்டாள்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. நல்ல கரையும் உரமாகப் பார்த்து ரெண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டு மறு வாரமே அவள் காட்டுக்குப் போனேன். கிணற்று மேட்டில் நாலடி அகலம், ரெண்டரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கத்தில் எருவைக் கூறு கூறாகக் குமித்து வைத்திருந்தாள். போன வருஷத்து மாட்டெரு ஒரு கூறு, ஆட்டாம்புழுக்கை ஒரு கூறு, வேப்பம் புண்ணாக்கு, எலும்புத்தூள். கோழி எரு மட்டும் தனியாக, தள்ளி.

"கோழி எருவுக்கு மட்டும் ஏன் அம்மிணி தீட்டு?"

"பாருங்க" என்று குவியலில் நட்டிருந்த கடப்பாரையை உருவினாள். "நேத்து நட்டது. தொட்டுப் பாருங்கண்ணா."

தொட்டேன். விரலைச் சுட்டது.

"உள்ள இன்னும் வெந்துட்டிருக்குது. இதக் குழியில போட்டா வேரும் வெந்துபோகும். கடப்பாரை ஜில்லுனு வார அன்னைக்குத்தான் போடுவேன்."

எங்கள் பக்கத்தில் கோழிப் பண்ணைக்குப் பஞ்சமில்லை. கோழி எரு லாரி லாரியாகப் போகிறது. வாங்குகிறவன் அன்றைக்கே இறைத்துவிட்டு, பயிர் கருகினால் என் கடைக்கு வந்து மருந்து கேட்பான். நானும் கொடுப்பேன். என் வியாபாரத்தில் பாதி அந்த அவசரத்தில் ஓடுவது. அதை நினைத்துக்கொண்டே பாக்கெட்டை நீட்டினேன். அவள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

"மூணும் சமமா இருக்குதுங்களே."

"சமமா இருந்தா நல்லதுதான?"

"குழந்தைக்கும் கெழவனுக்கும் ஒரே சாப்பாடு போடுவீங்களா? மொதல்ல வேரு ஓடட்டும், அதுக்கு எலும்புத்தூள் போதும். கொடி ஓடறப்ப புழுக்கைத் தண்ணி. காய் புடிச்சதுக்கப்புறம் தழைச்சத்தே கண்ணுல காட்டப்படாது, சாம்பல் மட்டுந்தான். அதுக்கு வெல்ல ஆலையில சொல்லி வெச்சிருக்கேன். நீங்க சொன்ன கணக்குத்தானுங்கண்ணா."

நான் சொன்ன கணக்குத்தான். எனக்கே இவ்வளவு தெளிவாகத் தெரியாது. கொஞ்சம் கோபமும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ள வெங்காயத் துவையல். பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கார்த்திகையில் விதை ஊன்றினாள். ஏழில் நாலு முளைத்தது. நாலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். "ஒண்ணு போனா என்ன பண்ணுவ?" என்றால், "மூணு இருந்தா மூணுமே முப்பது கிலோவுல நின்னுக்கும்" என்றாள். கொடி ஓட ஓடக் கணுவுக்குக் கணு மண் அணைத்தாள், அங்கங்கே வேர் இறங்கியது. மார்கழிப் பனியில் விடிகிற நேரத்துக்கே போய் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிட்டு வருவாள். பிடித்த பிஞ்சுகளில் நல்ல காம்பாக ஒன்றை விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் பறித்தாள். அந்த மாதம் பூராவும் அவர்கள் வீட்டில் அரசாணிப் பிஞ்சுப் பொரியல்தான். ஜீவானந்தம் என் கடையில் வந்து உட்கார்ந்து அழாத குறை.

"காலைல பொரியல், ராத்திரி கடைசல். இந்தக் காயி ஜெயிக்குதோ இல்லியோ, என்ற வயித்துல ஒரு கொடி ஓடிரும் மாப்ள."

கேலி பேசினாலும் அவன் வேலையில் அவன் குறியாகத்தான் இருந்தான். தை மாதம் பொங்கல் கழிந்ததும் ஆள் விட்டு, கொடிக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த இடத்தில் ஷெட்டுத் தூணுக்குக் குழி வெட்டினான். வரிசைக்கு ஆறு, ரெண்டு வரிசை. மட்டம் பிசகாமல் பன்னிரண்டு குழி. செல்வி அவள் பாட்டுக்குக் காயின் கீழே ஆற்று மணல் பரப்பி, மேலே பழைய சேலையை நாலு கம்பில் கட்டி நிழல் போட்டாள். ஏழு நாளைக்கு ஒரு தரம் வெல்ல ஆலைச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு ஊற்றினாள். கொடிக்கு இந்தப் பக்கம் காயும் அந்தப் பக்கம் குழியும் வளர்ந்துகொண்டிருந்தன.

காய்தான் என்ன காய்! தை முடிவில் ரெண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. செல்வி டெய்லர் டேப்பை வைத்து அளந்து காலண்டரில் எழுதுவாள். ஊர் ஆட்கள் மாடு ஓட்டிப்போகிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாசி பிறந்ததும் ஜீவானந்தத்தின் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. கடைக்கு வந்தால் கோழியைப் பற்றிப் பேசுவதில்லை.

"நேத்து நாப்பத்தொம்பது இஞ்சி மாப்ள."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவ சந்தைக்குப் போனப்ப ரிக் டேப்ப வெச்சு அளந்தேன்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இருவது வருஷம் பூமியில ஓட்டை போட்டிருக்கேன்டா. தண்ணி வந்ததும் அடுத்த ஊரு. ஒரு எடத்துல நின்னு ஒண்ணு வளர்றத நான் பார்த்ததே இல்ல."

மாசி நடுவில் வெயில் திடீரென்று ஏறியது. சங்ககிரி மலையே வெளுத்துத் தெரிந்தது. அந்த வாரம் ஒரு நாள் பத்து மணிக்கு ஜீவானந்தம் வந்து, "யூரியா ஒரு மூட்டை போடு" என்றான்.

"எதுக்குடா?"

"சோளத்தட்டுக்கு."

அவன் காட்டில் சோளத்தட்டு கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், உரத்துக்குக் கைரேகை பதிகிற மெஷினை எடுத்து நீட்டினேன். ஆதார் நம்பரைத் தட்டி, பெருவிரலை வைத்தான், பில் வந்தது. ரெண்டு மூன்று கிலோ மட்டும் பையில் கட்டிக்கொண்டு, "மிச்சம் இங்கயே கெடக்கட்டும்" என்று போய்விட்டான். கேட்டிருக்க வேண்டும் நான். வியாபாரி புத்தி, வாயை மூடிக்கொண்டது. எப்போதும் திறந்திருக்கிற வாய், வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் அவனே வந்தான். மொபட்டை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"மாப்ள, காயி வெடிச்சுப் போச்சுடா."

"என்னடா பண்ணுன?"

"வெயிலுக்குக் காய் மூணு நாளா அரை இஞ்சிகூட ஏறல. எனக்கு வெசனம் புடிச்சிருச்சு. ரிக்குல பாறை வந்து எறங்கலீன்னா கம்ப்ரஸர் காத்த ஏத்துவோம். அந்த நெனப்புலதான்... வேருல யூரியாவப் போட்டு மோட்டாரப் போட்டு உட்டேன். மறுநாளே ஏற ஆரம்பிச்சுது. மூணு நாள்ல மூணு இஞ்சி! சொல்லலாம்னு நெனச்சேன். காலைல பார்த்தா காம்புகிட்ட வாயப் பொளந்துட்டு நிக்குது."

"அவ ஜெயிச்சா உனக்கு ஷெட்டு இல்லியேடா. நீ எதுக்கு?"

"தெரியல. தோத்துட்டு என்ற முன்னால வாய மூடிட்டு அவ நிக்கறத என்னால பார்க்க முடியாதுன்னு தோணுச்சு."

கடையை அப்படியே போட்டுவிட்டு, காயத்துக்குப் பூசுகிற தாமிர மருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஏறினேன்.

செல்வி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெடிப்பைப் பழந்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் நீளம். கொடியின் இலை கறுகறுவென்று பச்சை கட்டிக் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் எந்த உரக்கடைக்காரனுக்கும் புரியும். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"உள்ளார போகலீங்கண்ணா. தோலும் கொஞ்சம் சதையுந்தான். காத்து உள்ள போனா அழுகிரும், போகாம பார்த்துக்கறேன்."

"எப்படி அம்மிணி இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். கேட்ட வாயை அப்போதே கழுவியிருக்க வேண்டும்.

"அவசரமாப் பெருத்தா தோலு தாங்காதுங்க," என்றாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "தண்ணிய நிறுத்தியாச்சு. வேர்கிட்ட மேல் மண்ண வழிச்சு வெளிய கொட்டிட்டு வேற மண்ணு போட்டுட்டேன். நுனிக் கொடியெல்லாம் கிள்ளிட்டேன், இனி தழை ஓடக்கூடாது. சாம்பல் தண்ணி மட்டும் குடுக்கோணும். வளத்தி கொறையும். வேற வழியில்ல."

மருந்தை நீட்டினேன்.

"எவ்வளவுங்கண்ணா?"

"காசெல்லாம் வேண்டாம்."

அப்போதுதான் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாக்கெட்டை வாங்கி, விரலால் தொட்டு வெடிப்பில் பூச ஆரம்பித்தாள். ஜீவானந்தம் வீட்டுக்குப் போய் ரிக் வண்டியின் பழைய தார்ப்பாயைக் கொண்டுவந்து, சேலை நிழலுக்கு மேலே இழுத்துக் கட்டினான். இடுப்பு வலியோடு கம்பு ஊன்றினான். அதற்கப்புறம் பதினைந்து நாளும் அவன்தான் அந்தக் காய்க்குக் காவல். வெடிப்பு காய்ந்து, தழும்பு கட்டியது. டெய்லர் டேப் பத்தாமல் போய், கடைசி வாரம் ரிக் டேப்பால் ஒட்டுக்கா ரெண்டு பேரும் சேர்ந்தே அளந்தார்கள்.

பங்குனி ஒண்ணாந் தேதி காம்பை அறுத்தாள். சாக்கை விரித்துக் காயை வைத்து நாலு பேர் நாலு முனையைப் பிடித்துச் சின்ன வண்டியில் ஏற்றினோம். ரோட்டோரத்தில் மருதாசலத்தின் எடை மேடை. சிமெண்டு லாரி, நூல் லாரி எல்லாம் அங்கேதான் எடை பார்க்கும்.

"என்ன லோடு?" என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்தே மருதாசலம் கேட்டார்.

"அரசாணிக்காய்ங்க மாமா," என்றான் ஜீவானந்தம்.

"எத்தன டன்னு?"

"ஒரு காய்."

அவர் வெளியே வந்து பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார். "அடேயப்பா! இதுக்கு எதுக்குடா மேடை? கோழி எடை போடற தராசு உள்ள கெடக்குது, கிராம் சுத்தமாக் காட்டும்."

தராசைக் கொண்டுவந்து போட்டார். காயை இறக்கினோம். சிவப்பு எழுத்து ஓடி ஓடி நின்றது. ஐம்பத்தேழு கிலோ, இருநூறு கிராம்.

ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. செல்வி அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி. வார்த்தைன்னா வார்த்தை. கம்பெனிக்காரனுக்குப் போன் பண்ணிருங்க," என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தாள். அந்த யூரியா இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் காய் அறுபதைத் தொட்டிருக்கும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"எங்க போற?" என்றான் ஜீவானந்தம். "நான் தராசுன்னா சொன்னேன்? எடை மேடைன்னுதான் சொன்னேன். குணசீலன் சாட்சி. சொன்னனா இல்லியாடா?"

"சொன்னே," என்றேன்.

"மாமா, மேடையப் போடுங்க."

அறுபது டன் தாங்குகிற இரும்பு மேடை. நடுவில் கொண்டுபோய்க் காயை வைத்துவிட்டு எல்லோரும் இறங்கி விலகி நின்றோம். அவ்வளவு பெரிய காய், அந்த மேடையில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்தது. மருதாசலம் உள்ளே போய் பட்டனைத் தட்டினார். வெளிப் போர்டில் சைபர் சைபராக நின்ற நம்பர் ஒரு தரம் துள்ளியது.

அறுபது.

சுற்றி நின்றவர்கள் ஓ என்று கத்தினார்கள். மருதாசலம் சிரித்துக்கொண்டே சீட்டை அடித்துக் கிழித்து நீட்டினார். ஜீவானந்தம் அதை வாங்கிப் பெண்டாட்டியிடம் கொடுத்தான். அவள் கையை நீட்டவில்லை.

"இருவது வருஷம் ரிக் லாரிக்காரன் பொண்டாட்டியாப் பொழச்சிருக்கேன். மேடை பத்துப் பத்துக் கிலோவாத்தான் காட்டும்னு எனக்குத் தெரியாதுங்களா? அம்பத்தேழையும் அறுவதுங்கும். எனக்குப் பிச்ச போடறீங்களா?"

"பிச்சையில்ல புள்ள." நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உன்ற கிட்டச் சொல்லல. அது வந்து..."

அவள் ஜாக்கெட்டிலிருந்து போனை எடுத்தாள். தேடித் தேடி ஒரு மெசேஜை எடுத்து அவன் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். என் கடைப் பேர், யூரியா ஒரு மூட்டை, அந்த மாசி மாதத் தேதி, நேரம் பத்து மணி பன்னிரண்டு நிமிஷம்.

எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"உங்க ஆதாருக்கு எந்த நம்பரு குடுத்திருக்குது? நீங்க வடக்க இருந்த காலத்துல பேங்கு, கேஸு, ரேஷன் எல்லாத்துக்கும் என்ற நம்பருதான். நீங்க வெரல் வெச்சா என்ற போனுலதான் மணியடிக்கும்."

"அப்ப அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"அன்னைக்கு மத்தியானம் சந்தையில வெச்சுப் பார்த்தேன். ஊட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்க தண்ணியும் உட்டு முடிச்சிட்டீங்க. ராத்திரியே மேல் மண்ண வழிச்சேன், அதுக்குள்ள வேருல எறங்கிருச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா சண்டை வரும். சண்டை போட்டா காய் வெடிக்காம நின்னுக்குமா?" போனை மூடினாள். இப்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்கவும் இல்லை. "கெடுக்கறதுக்குன்னே போட்டிருக்கறீங்கன்னுதான் நெனச்சேன். மூணு நாள் எனக்குச் சோறு எறங்கல. இருவது வருஷம் ஒத்தையில கெடந்தது இதுக்குத்தானான்னு இருந்துச்சு. அப்புறம் காய் வெடிச்ச அன்னைக்கு உங்க மூஞ்சியப் பார்த்தேன். கெடுக்கறவன் மூஞ்சி அப்படி இருக்காது."

ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டான். செல்வி புருஷன் கையிலிருந்த சீட்டை வாங்கினாள். ஒரு தரம் படித்தாள்.

"காயி அம்பத்தேழு. உங்க யூரியா தின்னது மூணு. அறுவது சரியாப் போச்சு," என்று சொல்லி, சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். விதை முடிந்திருந்த அதே முனை.

"குணசீலண்ணனுக்கும் அதுல ஒரு பங்கு உண்டுங்க," என்று போகிற போக்கில் சேர்த்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் காய் ஏற்றி வந்த சாக்கை உதறி மடித்தேன்.

அன்றைக்கே மேடைக்குப் பக்கத்தில் வைத்துக் காயை அறுத்தாள். சதை நாலு விரல் கனம், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நிறம். வெடித்த இடத்தை மட்டும் செதுக்கிப் போட்டாள், உள்ளே ஒரு புள்ளி அழுகல் இல்லை. நின்றிருந்த லாரி டிரைவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு. எனக்கும் ஒரு கீத்து கிடைத்தது. வீட்டில் புளிக்குழம்பு வைத்தார்கள், ரெண்டு நாள் சாப்பிட்டோம்.

பத்து நாள் கழித்து ஜீவானந்தம் கடைக்கு வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"மாப்ள, பன்னெண்டு குழி வெட்டுனது அப்படியே கெடக்குது. என்ன போடலாம்?"

"ஷெட்டுத் தூணுக்குன்னா சிமெண்டும் ஜல்லியும் போடு. என்றகிட்ட எதுக்குக் கேக்கற?"

"தூணுக்கு யாருடா கேட்டா? அரசாணிக்கு. அதுக்குத் தோதாத்தான் வெட்டியிருக்குதாம். மட்டம் பிசகாம இருக்குதுன்னு செல்வியே சொன்னா."

பின்னால் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த என் மூட்டைகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். பதினெட்டு வருஷ வியாபாரத்தில் முதல் தடவையாக, "அதெல்லாம் உன்ற ஊட்டுக்காரியக் கேளு" என்றேன். மூலையில் அவன் விட்டுப்போன யூரியா மூட்டை கிடந்தது. "மொதல்ல உன்ற மூட்டைய எடுத்துட்டுப் போடா, எடத்த அடைச்சிட்டுக் கெடக்குது."

ரெண்டடி பின்னால் போனான். "வேண்டாஞ்சாமி. அதத் தொட்டாலே அவளுக்கு மெசேஜ் போயிரும்."

சொல்லிவிட்டு மொபட்டை எடுத்தான். பின்னால் கடப்பாரையைக் கட்டியிருந்தான். எங்கே என்று கேட்டேன். புதிதாக இறக்கிய கோழி எருக் குவியல் ஆறிவிட்டதா என்று நட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறாளாம்.